1942 சென்னை, ஒரு கொலை, துப்பறியும் ஒரு பெண்: என் நாவலில் ஓட்டை எங்கே?

(எழுத்தில் நடந்த உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது அதை எழுதியவரின் புனைபெயர்.)

மாடவீதி

மூன்று வருடங்களாக ஒரு துப்பறியும் நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். களம் 1942-ஆம் ஆண்டு மயிலாப்பூர். அந்த வருடம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8 ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. அடுத்தது நாம்தான் என்று சென்னை ஜனங்கள் பெட்டி படுக்கையோடு ரயில் நிலையங்களுக்கு ஓடினார்கள்.

கதை இதுதான். மாடவீதிப் பக்கம் ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரக் கிழவர் ஏப்ரலில் கும்பகோணத்துக்குப் போய் அங்கேயே காலமாகிவிடுகிறார். ஜூனில், பர்மாவிலிருந்து நடந்தே வந்தேன் என்று சொல்லிக்கொண்டு அவருடைய தம்பி மகன் வந்து வீட்டில் குடியேறுகிறான். உண்மையில் அவன் வேறு ஆள். ரங்கூனில் அந்தக் குடும்பத்துக்குக் கணக்கு எழுதிய பிள்ளை ஒருவரும் அகதியாக இங்கே வந்து சேர்ந்திருக்கிறார். அவருக்கு நிஜமான தம்பி மகனைத் தெரியும். செப்டம்பரில் அவர் கொல்லப்படுகிறார். கொலைகாரன் பிணத்தைக் குண்டுவீச்சில் இடிந்த வீட்டுக்குள் போட்டுவிடுகிறான்.

துப்பறிபவள் குயீன் மேரீஸ் கல்லூரி மாணவி. பத்தொன்பது வயது. சைக்கிளில் ஊரைச் சுற்றுகிறாள், இன்ஸ்பெக்டரிடம் ஆங்கிலத்தில் வாதாடி ஜெயிக்கிறாள்.

மாதிரி அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

அச்சுப்பிழை

இடிந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது? 1942-இல் சென்னையில் குண்டே விழவில்லை. 1943-இல் ஜப்பானிய விமானம் ஒன்று வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது, சேதம் சொற்பம். ஊர் காலியானது குண்டுக்காக அல்ல, குண்டு வரப்போகிறது என்ற பயத்துக்காக. உங்கள் நாவலின் அச்சாணியே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது, அதைப் போய்க் கழற்றிவிட்டீர்கள்.

மாதிரி அத்தியாயத்தில் இன்னும் இரண்டு. பூக்காரி சில்லறையாக ஓட்டைக் காலணா தருகிறாள். ஓட்டைக் காலணா 1943-இல்தான் வந்தது. பக்கத்திலேயே ரேஷன் வரிசை நிற்கிறது. சென்னைக்கு அரிசி ரேஷனும் 1943-இல்தான்.

மாடவீதி

ஓட்டைக் காலணா என்ற சொல்லின் அழகில் மயங்கிவிட்டேன். நீக்கிவிடுகிறேன். இடிந்த வீடு போனால் என் பிணத்தை எங்கே வைப்பது என்பதுதான் கவலை.

நள்ளிரவு வாசகி

இடிந்த வீடு உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கிறேன். லண்டனில் ஹாரி டாப்கின் என்பவனின் வழக்கு. 1941 ஏப்ரலில் மனைவி ரேச்சலைக் கொன்று, குண்டுவீச்சில் சிதைந்த ஒரு தேவாலயத்தின் அடியில் புதைத்தான். விமானத் தாக்குதலில் செத்தவர்களோடு அவளும் ஒருத்தியாகக் கணக்கில் போய்விடுவாள் என்று நினைத்தான். 1942 ஜூலையில் இடிபாடுகளை அகற்றும்போது எலும்புக்கூடு கிடைத்தது. கீத் சிம்ப்சன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் ஆராய்ந்தார், பல் மருத்துவரின் குறிப்புகளோடு மேல்தாடை பொருந்தியது. 1943 ஜனவரியில் டாப்கினைத் தூக்கிலிட்டார்கள்.

அது லண்டனுக்குச் சரி. அங்கே போர் கொலைகாரனுக்குப் பிணங்களைக் கொடுத்தது. பிணக்குவியலில் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தால் யாருக்கும் தெரியாது. சென்னையில் போர் அதற்கு நேர் எதிரானதைக் கொடுத்தது. ஆள் இல்லாமல் போவதை இயல்பாக்கியது. உயர் நீதிமன்றமே கோயம்புத்தூருக்குப் போனது. பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த சிங்கம் புலிகளைத் தப்பித்துவிடும் என்று பயந்து சுட்டுக் கொன்றார்கள். எதிர்வீட்டுக்காரரை இரண்டு மாதமாகக் காணோம் என்றால் சாதாரண நாளில் போலீசுக்குப் போவோம். 1942-இல் “ஊருக்குப் போயிருப்பார்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வோம்.

ஆகவே உங்களுக்கு இடிந்த வீடு வேண்டாம். பூட்டிய வீடு போதும். தெருவுக்குப் பத்து இருந்திருக்கும்.

தேர்முட்டி

வாசகி சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் கதாநாயகியிடம் வருகிறேன். மன்னிக்க வேண்டும், அந்தப் பெண் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் 1942-இல் வாழ்பவள் அல்ல, இன்றைக்குப் பிறந்து பாவாடை தாவணி கட்டிக்கொண்டவள். ஒரு கொலை விசாரணையில் பத்தொன்பது வயதுக் கல்லூரிப் பெண் மூக்கை நுழைத்தால் இன்ஸ்பெக்டர் அவளோடு வாதாட மாட்டார், அவள் அப்பாவுக்குச் சொல்லி அனுப்புவார். கதை அங்கேயே முடிந்தது.

அமெச்சூர் துப்பறிவாளருக்கு முதலில் வேண்டியது அறிவு அல்ல, நுழைவுரிமை. பிறர் வீட்டுக்குள் போக ஒரு காரணம் வேண்டும். சரி, எல்லோரும் ஓடியபோது ஓடாதவர் யார்? போக இடமில்லாதவர். வயதான விதவை அத்தைகள். “நீ இங்கேதானே இருக்கப் போகிறாய், வெள்ளி செவ்வாய் விளக்கு ஏற்றிவிடு” என்று தெருவே சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கும். இடுப்பில் பதினெட்டு வீட்டுச் சாவிக்கொத்து. போலீசுக்கு வாரண்ட் வேண்டும், அவளுக்கு வேண்டாம். ஒரு நாள் விளக்கேற்றப் போன வீட்டின் கொல்லையில் கணக்குப்பிள்ளை கிடக்கிறார்.

மாடவீதி

இதைப் படித்துவிட்டு எழுந்து பத்து நிமிடம் கூடத்தில் நடந்தேன். சாவிக்கொத்தை எடுத்துக்கொள்ளலாமா?

தேர்முட்டி

எடுத்துக்கொள்ளுங்கள். நான் நாவல் எழுதப் போவதில்லை.

நள்ளிரவு வாசகி

சாவிக்கொத்து அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படித்த பெண் என்றாலே இன்றைய பெண் என்று தேர்முட்டி சொல்வதை விட முடியாது. முத்துலட்சுமி ரெட்டி 1912-லேயே மருத்துவப் பட்டம் பெற்றவர், சட்டசபையின் துணைத் தலைவராக இருந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-இல் பட்டம் வாங்கிய லட்சுமி சுவாமிநாதன், உங்கள் கதை நடக்கும் காலத்தில் சிங்கப்பூரில் இருக்கிறார். அடுத்த வருடம் துப்பாக்கியோடு ஒரு பெண்கள் படைக்கே தலைமை ஏற்கிறார். பாட்டிகள் எல்லோரும் மொட்டை மாடியில் அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்தார்கள் என்ற சித்திரமும் நாம் பிற்காலத்தில் வரைந்ததுதான்.

சண்டைக்கு நடுவே ஒரு வழி சொல்கிறேன். சகோதரி சுப்புலட்சுமி கடற்கரை ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளுக்காக விடுதி நடத்தினார். குழந்தையிலேயே தாலி அறுத்த பெண்களைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினார். உங்கள் நாயகி அங்கே வளர்ந்தவளாக இருக்கட்டும். 1942-இல் முப்பத்தெட்டு, நாற்பது வயது. கணக்கு டீச்சர். மாணவிகள் பாதிப்பேர் ஊரை விட்டுப் போய்விட்டதால் வேலை குறைவு. மாமிகளுக்கு அவள் சாவி கொடுத்துவைக்கத் தோதான விதவை, இன்ஸ்பெக்டருக்குத் தன் மகளுக்குப் பாடம் சொன்ன டீச்சர். இரண்டு பேரும் அவளைக் குறைவாக மதிப்பிடுவார்கள், ஆளுக்கொரு காரணத்துக்காக.

தேர்முட்டி

கணக்கு டீச்சர் என்பதற்காக மட்டும் என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். சைக்கிளை எடுத்துவிடுங்கள். டிராமில் போகட்டும்.

மாடவீதி

நாயகியை மாற்றிவிட்டேன். இனி என் நிஜமான தலைவலி, கொலைகாரனின் அலிபி, அதாவது கொலை நேரத்தில் வேறு இடத்தில் இருந்தான் என்ற சாட்சியம். கொலைகாரன் ஒரு அலுவலகத்தில் தற்காலிகக் குமாஸ்தாவாக வேலை பார்க்கிறான். நாலு முதல் ஐந்தேகால் வரை அங்கே இருந்தான் என்று வருகைப் பதிவேடு சொல்கிறது. அது பொய்யல்ல. கொலை ஏறக்குறைய நாலேமுக்காலுக்கு நடந்ததாக எல்லோரும் நம்ப வேண்டும், உண்மையில் அதற்கு ஒரு மணி நேரம் கழித்து நடந்திருக்க வேண்டும். இப்போதைக்குக் கொலைகாரன் சுவர்க்கடிகாரத்தின் முள்ளைத் திருப்பிவைக்கிறான். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அச்சுப்பிழை

வெட்கப்பட வேண்டியதுதான். முள்ளைத் திருப்ப உங்களுக்குக் கொலைகாரன் எதற்கு? சர்க்காரே திருப்பியது.

1942 செப்டம்பர் 1 முதல் இந்திய நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைத்தார்கள். 1945 அக்டோபர் நடு வரைக்கும் அப்படித்தான் இருந்தது. நேற்று வரை நாலரை என்றது இன்று ஐந்தரை. ரயில்வே, தபாலாபீஸ், அலுவலகம் எல்லாம் புதிய நேரத்தில் ஓடும். ஆனால் சூரியனுக்கு உத்தரவு போட முடியாது. பஞ்சாங்கத்துக்கும் போட முடியாது.

இனி உங்கள் வேலையை நானே செய்கிறேன். கொலையைச் செவ்வாய்க்கிழமை வையுங்கள். செவ்வாய் ராகுகாலம் மூன்று முதல் நாலரை. கணக்குப்பிள்ளை ராகுகாலம் பார்க்காமல் படியிறங்காதவர். “ராகுகாலம் முடிந்த கையோடு கிளம்பினார்” என்று வீட்டுக்கார அம்மாள் சாட்சி சொல்கிறார். இன்ஸ்பெக்டர் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்க்கிறார், மூன்று முதல் நாலரை என்று அச்சாகியிருக்கிறது. நாலரை என்று எழுதிக்கொள்கிறார். அந்தக் காலண்டர் முந்தைய வருடக் கடைசியில் அச்சானது, நேரம் மாறப்போவது அதற்கு எப்படித் தெரியும்? அந்த அம்மாளின் ராகுகாலம் புதிய நேரத்தில் ஐந்தரைக்குத்தான் முடிந்தது. உங்களுக்கு வேண்டிய ஒரு மணி நேரம் கிடைத்துவிட்டது, யாரும் பொய் சொல்லவில்லை.

செப்டம்பர் 1-உம் செவ்வாய்தான். ஆனால் அன்றைக்கு வேண்டாம், முதல் நாள் எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். மூன்று வாரம் தள்ளி 22-ஆம் தேதி வையுங்கள். பேச்சு ஓய்ந்திருக்கும், பழக்கம் மட்டும் மிச்சமிருக்கும்.

நள்ளிரவு வாசகி

கணக்கு டீச்சர் இதைக் கண்டுபிடிப்பாள், ஏனென்றால் அவளே இரண்டு கடிகாரத்தில் வாழ்பவள். பள்ளிக்கூட மணிக்கு ஒன்று, விளக்கேற்ற ஒன்று. இன்ஸ்பெக்டருக்குக் கைக்கடிகாரம் மட்டும்தான்.

தேர்முட்டி

செப்டம்பர் 22 எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்ட நாள் அல்லவா?

அச்சுப்பிழை

ஆமாம். 1914 செப்டம்பர் 22 இரவு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அன்றும் செவ்வாய்க்கிழமைதான். ஒரு கிழவி அதைச் சொல்லி முணுமுணுத்தால் போதும். அதைச் சதிக்குள் இழுத்தால் நாவல் கெட்டது.

ரங்கூன் பேரன்

இத்தனை நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இப்போது கை அரிக்கிறது. என் தாத்தா மணிப்பூர் வழியாக நடந்து வந்தவர். அவர் சொல்லிக் கேட்டதையும் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் போலித் தம்பி மகன் ஜூனில் வந்தேன் என்கிறான். மே மாதமே மலையில் மழை பிடித்துவிடும். சேறு, காலரா, மலேரியா, அட்டை. கடைசியாக வந்தவர்களின் கால்களைப் பார்த்தாலே தெரியும், அட்டை கடித்துப் புண்ணாகி ஆறிய தழும்புகள். டீச்சர் அவன் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பதை ஒரு தடவை பார்க்கட்டும். எதுவும் பேச வேண்டாம்.

அடுத்து, பணம். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து தனிக் காலனியாகப் பிரிந்தது. முதலில் இந்திய நோட்டுகளின் மேலேயே “பர்மாவில் மட்டுமே செல்லும்” என்று அச்சடித்து விட்டார்கள், பிறகு பர்மாவுக்கென்றே தனி நோட்டு வந்தது. ரங்கூனில் சம்பாதித்ததை மடியில் கட்டிக்கொண்டு வந்தவன் அதை எங்காவது மாற்றியாக வேண்டும். உங்கள் ஆள் வந்த மறுநாளே சாதாரண இந்திய நோட்டை நீட்டினால், “எங்கே தம்பி மாற்றினாய்?” என்று ஒரே ஒரு கேள்வி. கணக்குப்பிள்ளைதான் அதைக் கேட்டிருப்பார். அதனால்தான் செத்தார்.

கடைசியாக ஒன்று, அச்சுப்பிழை ஐயாவுக்கே பிடிக்கும் என்று நினைக்கிறேன். ரங்கூன் நேரம் அந்தக் காலத்தில் இந்திய நேரத்தைவிட ஒரு மணி முந்தியது. அதாவது செப்டம்பர் 1-க்குப் பிறகு சென்னைக் கடிகாரம் காட்டியது ரங்கூன் நேரத்தைத்தான். ஜப்பான்காரன் பிடித்த பிறகு ரங்கூனுக்கே அந்த நேரம் இல்லை, அவன் தன் நேரத்தைத் திணித்துவிட்டான்.

கணக்குப்பிள்ளை தன் கைக்கடிகாரத்தைத் திருப்பாதவராக இருக்கட்டும். மனைவியை வழியில் புதைத்துவிட்டு வந்தவர். முள்ளைத் திருப்பினால் அந்த ஊர் முடிந்துபோனதாக ஆகிவிடும் என்று நினைப்பவர். தெருப் பிள்ளைகள் “ஒரு மணி தாத்தா” என்று கேலி செய்வார்கள். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் ஊரே அவர் நேரத்துக்கு வந்துவிட்டது.

மாடவீதி

இரவு பன்னிரண்டரை ஆகிறது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. இதைக் கேளுங்கள்.

பிணத்தின் கையில் கடிகாரம் 5.40-இல் நின்றிருக்கிறது. தெருவில் யாரைக் கேட்டாலும் “அவர் கடிகாரம் எப்போதும் ஒரு மணி முன்னால் ஓடும்” என்கிறார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு மணியைக் கழிக்கிறார். 4.40. ராகுகாலம் முடிந்து நாலரைக்குக் கிளம்பியவர், பத்து நிமிட நடை, 4.40. இரண்டு சாட்சியமும் ஒன்றுக்கொன்று இழைந்துவிடுகின்றன. பதிவேட்டின்படி கொலைகாரன் அந்த நேரத்தில் அலுவலகத்தில்!

உண்மையில் எதையுமே கழித்திருக்கக் கூடாது. ஐந்தரைக்குக் கிளம்பினார், 5.40-க்குச் செத்தார்.

அச்சுப்பிழை

நின்றுபோன கடிகாரம் துப்பறியும் கதைகளில் அரதப் பழசு என்று எழுத வந்தேன். பிறகு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு தவறு இன்னொரு தவறுக்கு முட்டுக்கொடுக்கிறது. இன்ஸ்பெக்டர் முட்டாளாகவும் இருக்க வேண்டியதில்லை. சரி, இருக்கட்டும்.

நள்ளிரவு வாசகி

அச்சுப்பிழை “இருக்கட்டும்” என்று சொல்லி இப்போதுதான் பார்க்கிறேன்.

தேர்முட்டி

போலீஸ் எதற்கு இவ்வளவு அவசரப்படுகிறது என்று வாசகர் கேட்பார். ஆகஸ்ட் 9-க்குப் பிறகு அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இல்லை என்று ஒரு வரி போடுங்கள். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் தந்திக் கம்பி அறுபடுகிறது, தண்டவாளம் பெயர்கிறது. இதில் ஒரு அகதிக் கிழவரின் சாவை யார் சீந்துவார்கள்? இன்னொரு பக்கம் ஒற்றர் பயம். அது வெறும் கிலியும் அல்ல. அதே செப்டம்பர் கடைசியில் மலபார்க் கரையில் தானூரில், நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வந்திறங்கிய சிலர் பிடிபட்டார்கள். அவர்களில் வக்கம் காதரை 1943 செப்டம்பரில் சென்னைச் சிறையில்தான் தூக்கிலிட்டார்கள். பர்மாவிலிருந்து வந்தவன் என்றாலே சந்தேகம் என்ற காற்று வீசட்டும். போலித் தம்பி மகனுக்கு அதுவே இடைஞ்சலாக இருக்கும்.

வக்கீல் குமாஸ்தா

கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் இன்ஸ்பெக்டர் முன்னால் மனம் உடைந்து ஒப்புக்கொள்கிறான் என்று முன்பு எங்கோ எழுதியிருந்தீர்கள். அந்த வாக்குமூலம் செல்லாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம், 25-ஆவது பிரிவு. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. இதை மறந்த தமிழ்த் துப்பறியும் நாவல்களை எண்ண விரல் போதாது.

ஆனால் ஒரு சாதாரணப் பெண்மணியிடம் அவனாகச் சொன்னால்? மிரட்டல், ஆசைவார்த்தை ஏதும் இல்லாமல், காவலில் இல்லாதபோது? அதை அவள் கூண்டில் ஏறிச் சொல்லலாம். நீதிமன்றம் எடையைப் பார்க்கும், ஆனால் கதவை அடைக்காது. சட்டப்படி உங்கள் டீச்சரின் காது இன்ஸ்பெக்டரின் காதைவிட உயர்ந்தது. பெண் துப்பறிவாளரை அமெச்சூர் என்று எழுதுபவர்கள் இதை ஏன் பயன்படுத்துவதில்லை என்று எனக்குப் புரிவதே இல்லை. இன்ஸ்பெக்டரைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் சினிமா வேலை மட்டும் வேண்டாம். அவரை வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள்.

வழக்கு செஷன்ஸுக்குப் போனால் ஜூரி உண்டு, அதையும் மறக்க வேண்டாம். ஜூரி சொன்னால் முடிந்தது என்றும் எழுதிவிட வேண்டாம். 1944 நவம்பர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரையும் கலைவாணரையும் ஜூரி குற்றவாளிகள் என்றது. லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். போர்க்காலச் சென்னையின் நிஜ மர்மம் அதுதான். கொன்றது யார் என்று இன்றும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

மாடவீதி

எல்லோருக்கும் நன்றி. பழைய முதல் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். புதியது இப்படித் தொடங்குகிறது:

“கூடத்துக் கடிகாரம் ஐந்தரை அடித்தபோது கணக்குப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டார். கையைத் திருப்பி மணி பார்த்தார். ஐந்தரை. மூன்று வாரமாக இப்படித்தான், ஊர் மணியும் தன் மணியும் ஒன்றாக இருக்கின்றன. அதில் அவருக்குச் சந்தோஷம் இல்லை, ஏதோ ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது போல்தான் இருந்தது. தெருவில் இறங்கினார். விளக்கு வைக்கும் நேரம். பூட்டிய வீடுகளில் ஒவ்வொன்றாக மாடப்பிறை வெளிச்சம் ஏறிக்கொண்டு வந்தது. சாவிக்கொத்தின் சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்டது. டீச்சர் அங்கே வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அவளைப் பார்க்க வேண்டாம் என்று கொல்லைப்புறச் சந்தில் திரும்பினார்.”

ரங்கூன் பேரன்

தாத்தா இருந்திருந்தால் படித்துக் காட்டியிருப்பேன்.

அச்சுப்பிழை

நடை நன்றாக வந்திருக்கிறது. ஆனால் புதிய நேரப்படி அன்றைக்குச் சூரியன் மறைவது ஏழு மணி சுமாருக்கு. ஐந்தரைக்குத் தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், எந்தத் தெருவிலும் விளக்கு வைத்திருக்க மாட்டார்கள். நீங்களும் பழைய கடிகாரத்தைத்தான் பார்த்து எழுதியிருக்கிறீர்கள்.